சிற்றூரின் காவலர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மேரியன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 1,900. 2023 ஆகஸ்ட் 11 அன்று அவ்வூரின் காவல் துறை, உள்ளூர் வார இதழான 'மேரியன் கவுன்ட்டி ரெக்கார்ட்' அலுவலகத்துக்குள் நுழைந்து கணினிகளையும் செல்பேசிகளையும் கைப்பற்றிச் சென்றது. அதே நாளில் இதழின் வெளியீட்டாளர் வீட்டிலும், துணை மேயராக இருந்த பெண்மணியின் வீட்டிலும் சோதனை நடந்தது. வெளியீட்டாளரின் தாயும் இதழின் இணை உரிமையாளருமான ஜோன் மேயருக்கு அப்போது வயது 98. தன் வீட்டில் காவலர்கள் துருவித் தேடியதைக் கண்டு கொதித்துப்போன அவர், மறுநாள் இறந்துபோனார்.

உள்ளூர் உணவக உரிமையாளர் ஒருவரின் ஓட்டுநர் உரிம விவரங்களை இதழ் முறைகேடாகப் பெற்றது என்பதுதான் சோதனைக்குச் சொல்லப்பட்ட காரணம். ஐந்தே நாள்களில், சோதனை ஆணைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கவுன்ட்டியின் அரசு வழக்கறிஞரே அதைத் திரும்பப் பெற்றார். சோதனைக்குத் தலைமை தாங்கிய காவல் தலைவர், கான்சஸ் சிட்டி என்ற பெருநகரக் காவல் துறையிலிருந்து அந்தக் கோடையில்தான் மேரியனுக்கு வந்து பொறுப்பேற்றவர். அவருடைய முந்தைய பணிக்காலம் பற்றி அந்த இதழ் ஏற்கெனவே விசாரித்துக்கொண்டிருந்தது.

பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல் என்று உலகெங்கும் இச்செய்தி பேசப்பட்டது. அது சரியே. ஆனால், அதிகம் பேசப்படாத வேறொரு கேள்வி இதில் இருக்கிறது. இந்தக் காவல் தலைவரை நியமித்தது யார்? தவறு வெளிப்பட்ட பிறகு அவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது? பதில் எளிதானது: அந்த ஊரின் மேயரிடமும் நகர மன்றத்திடமும். எங்கோ தலைநகரில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடம் அல்ல. அடுத்த தெருவில் வசிப்பவர்களிடம். அப்படியிருந்தும் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட ஏழு வாரங்கள் ஆயின. செப்டம்பர் இறுதியில் மேயர் அந்த நடவடிக்கையை எடுத்தார். சில நாள்களில் காவல் தலைவர் பதவி விலகினார். அடுத்த ஆண்டு, நீதி நடைமுறையில் குறுக்கிட்டதாக அவர் மீது குற்றச்சாட்டு பதிவானது.

காவல் துறை மக்களுக்கு மிக அருகில் இருந்தால் அது மக்களுக்குக் கட்டுப்பட்டும் இருக்கும் என்று நாம் இயல்பாகவே எண்ணுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை அமெரிக்கச் சிற்றூர்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

ஊருக்கு ஒரு காவல் துறை

அமெரிக்காவில் காவல் பணி செய்யும் அமைப்புகள் ஏறத்தாழ 18,000 உள்ளன. அவற்றில் 12,000 அளவுக்கு உள்ளூர்க் காவல் துறைகள். இந்த உள்ளூர்த் துறைகளில் ஏறக்குறையப் பாதியில் முழுநேர அதிகாரிகளின் எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. திரைப்படங்களில் நாம் காணும் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறைகள் விதிவிலக்குகள். மூன்று நான்கு பேர், இரண்டு வாகனங்கள், நகர மன்றக் கட்டடத்தின் பின்புறத்தில் ஓர் அறை என்பதே அந்நாட்டின் வழக்கமான காவல் துறை.

தமிழக வாசகருக்கு இது விந்தையாகத் தோன்றும். நம் பேரூராட்சித் தலைவருக்கோ நகர்மன்றத் தலைவருக்கோ தம் ஊர்க் காவல் நிலையத்தின் மீது எந்த அதிகாரமும் கிடையாது. ஆங்கிலேயர் 1859இலும் 1861இலும் இயற்றிய சட்டங்கள் வகுத்த பாதையில், காவல் துறை மாநில அரசின் கையிலேயே இருந்துவருகிறது. 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்குக் குறித்துக்கொடுத்த 18 பணிகளில் காவல் இல்லை. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு உள்ளாகி உயிரிழந்தபோது, ஆதாரங்களைப் பாதுகாக்க அந்த நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு வழிசெய்தது. அந்த ஊரின் பேரூராட்சிக்கு இதில் ஒரு கேள்வி கேட்கும் இடம்கூட இல்லை. எனவேதான், காவலை உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால் நிலைமை மாறும் என்ற வாதம் இங்கே அவ்வப்போது எழுகிறது. அவ்வாதம் முழுமையாக நடைமுறையில் இருக்கும் நாடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பயனுடையது.

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் காவல் துறை பிறப்பதும் மறைவதும் நகர மன்றத்தின் தீர்மானத்தால்தான். எத்தனை பேர், என்ன ஊதியம், எந்த வாகனம், எத்தனை மணிநேரச் சுற்றுக்காவல் என அனைத்தும் ஊரின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகின்றன. ஆனால், காவல் தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறுபடும். சில ஊர்களில் மேயரே அவரை நியமித்து மன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறார். வேறு பல ஊர்களில் மேயர் பெயரளவுத் தலைவர்தான். மன்றம் ஊதியத்துக்கு அமர்த்திய நகர மேலாளரே காவல் தலைவரை நியமிக்கவும் நீக்கவும் செய்கிறார். லூசியானா மாநிலத்தின் பல ஊர்களில் காவல் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவின் 'பரோ' எனப்படும் சிறு நகரங்களில் இன்னொரு விசித்திரம்: காவலர்களின் அன்றாடப் பணியை மேயர் மேற்பார்வையிடுகிறார், அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் ஊதியம் வழங்குவதும் மன்றத்தின் வேலை. மேயரும் மன்றமும் ஒரே கட்சியாக இருந்துவிட்டால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால், வண்டியின் இரண்டு மாடுகளும் இரு திசையில் இழுக்கும்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட காவல் தலைவருக்கு மேயரின் விருப்பு வெறுப்புக்கு ஆட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், அடுத்த தேர்தல் வரை அவரை அசைப்பது கடினம். நகர மேலாளர் முறை அரசியலைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. ஆனால், மேலாளரின் திறமை பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கை வைத்தே மதிப்பிடப்படுகிறது. இந்தக் கடைசிக் குறிப்பு சிறியதல்ல என்பதை ஃபெர்குசன் காட்டியது.

கணக்குப் புத்தகத்தில் காவல்

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியில் உள்ள ஃபெர்குசனில் அப்போது ஏறத்தாழ 21,000 பேர் வசித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் காவல் அதிகாரி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கிளர்ச்சியும் உலகறிந்தவை. சுட்ட அதிகாரி மீது வழக்கு தொடர அமெரிக்க நீதித் துறை மறுத்துவிட்டது. ஆனால், 2015 மார்ச்சில் அதே துறை அவ்வூரின் காவல் அமைப்பு முழுவதையும் ஆராய்ந்து வெளியிட்ட இன்னொரு அறிக்கை, துப்பாக்கிச் சூட்டைவிட ஆழமான ஒன்றைத் தொட்டது. அது பணம்.

2010 நிதியாண்டில் ஃபெர்குசன் நகரம் அபராதங்கள், கட்டணங்கள் வழியாக ஈட்டியது ஏறத்தாழ 13.8 லட்சம் டாலர். 2015 நிதியாண்டுக்கு எதிர்பார்க்கப்பட்ட தொகை 30 லட்சம் டாலருக்கும் அதிகம். பொது நிதி வருவாயில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் தொகை இது. இந்த வளர்ச்சி தானாக நிகழவில்லை. விற்பனை வரி வருவாய் குறையப்போகிறது, எனவே அபராதச் சீட்டுகளை அதிகம் எழுத வேண்டும் என்று நகர நிதி இயக்குநர் காவல் தலைவருக்கு 2010இல் மின்னஞ்சல் அனுப்பினார். 2011இல் ஒரு மாதத்தில் நீதிமன்ற வசூல் முந்தைய நான்கு ஆண்டுகளின் எந்த மாதத்தையும் விஞ்சிவிட்டது என்று காவல் தலைவர் தெரிவித்தபோது, நகர மேலாளர் மகிழ்ச்சியோடு பதிலெழுதினார். யாரும் கமுக்கமாகச் சதி செய்யவில்லை. எல்லாம் அலுவலகக் கடிதப் போக்குவரத்தில், மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில், வெளிச்சத்தில் நடந்தன. என்னைப் பொறுத்தவரை அறிக்கையில் மிகவும் கலங்க வைத்த செய்தி இதுதான்.

அந்த ஊரின் நீதிமன்றமும் நகர நிர்வாகத்தின் ஓர் அங்கம். பகுதிநேர நீதிபதியை அமர்த்துவதும் நகர மன்றமே. காவலர் எழுதும் சீட்டு, நீதிமன்றம் விதிக்கும் அபராதம், அதைச் செலவிடும் மன்றம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இதன் விளைவை ஒரு பெண்ணின் கதையில் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2007இல் அவர் ஒரு முறை காரைத் தவறாக நிறுத்தியதற்காக 151 டாலரும் கட்டணமும் விதிக்கப்பட்டன. வறுமையில் இருந்த அவர் தவணை தவறினார். விசாரணைக்கும் சில முறை வரவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் புதிய அபராதம், புதிய பிடியாணை. இரண்டு முறை கைதானார். ஆறு நாள்கள் சிறையில் இருந்தார். 2014 டிசம்பர் கணக்குப்படி அவர் 550 டாலர் செலுத்திவிட்டார்; அப்போதும் 541 டாலர் பாக்கி இருந்தது.

வட்டிக்கடைக்காரரிடம் சிக்கிய குடும்பங்களை அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இங்கே கடன் கொடுத்தவராக நின்றது ஊரின் காவல் துறை.

அபராதத்தின் சுமை சமமாகவும் விழவில்லை. 2012 முதல் 2014 வரையிலான புள்ளிவிவரங்களின்படி, சாலையில் நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 விழுக்காட்டினரும், அபராதச் சீட்டு பெற்றவர்களில் 90 விழுக்காட்டினரும், கைதானவர்களில் 93 விழுக்காட்டினரும் கறுப்பினத்தவர். ஊரின் 54 அதிகாரிகளில் நால்வர் மட்டுமே கறுப்பினத்தவர். ஆறு பேர் கொண்ட நகர மன்றத்தில் ஒருவர். மக்களாட்சி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இப்படி இருக்க முடியுமா? முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் வேறெந்தத் தேர்தலும் இல்லாத ஏப்ரல் மாதத்தில் நடைபெறும். 2013இல் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு.

ஃபெர்குசன் தனித்த நிகழ்வு என்று சொல்வதற்கில்லை. அலபாமா மாநிலத்தில் உள்ள புரூக்சைடு 1,253 பேர் வசித்த ஊர். 2018இல் பொறுப்பேற்ற காவல் தலைவரின் காலத்தில், அபராதங்களாலும் பறிமுதல்களாலும் ஊருக்குக் கிடைத்த வருவாய் இரண்டே ஆண்டுகளில் 640 விழுக்காடு உயர்ந்து, 2020இல் நகர வருமானத்தின் ஏறத்தாழப் பாதியைத் தொட்டது. அருகில் செல்லும் நெடுஞ்சாலையில் பயணித்தவர்களே பெரும்பாலும் இதைக் கட்டினார்கள். 2022 ஜனவரியில் 'ஏஎல் டாட் காம்' செய்தித்தளத்தின் ஜான் ஆர்ச்சிபால்ட் இதை அம்பலப்படுத்தியதும் சில நாள்களில் காவல் தலைவர் விலகினார். அந்த ஆண்டே, போக்குவரத்து அபராத வருவாய் ஊரின் செலவுத் திட்டத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றியது; கூடுதல் தொகை குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும்.

டெக்சஸின் காஃபி சிட்டி இதையும் விஞ்சியது. ஏறத்தாழ 250 பேர் வாழும் ஊருக்கு 50 காவல் அதிகாரிகள்! அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முந்தைய பணியிடங்களில் தண்டனைக்கோ பணிநீக்கத்துக்கோ உள்ளானவர்கள் என்று 2023இல் ஹூஸ்டன் தொலைக்காட்சி நிலையம் ஒன்று வெளிப்படுத்தியது. நகர மன்றம் காவல் தலைவரை நீக்கியது, துறையையே கலைத்தது.

மிசிசிப்பியின் லெக்சிங்டனில் நடந்தது வேறு வகையில் படிப்பினை தருகிறது. 2022இல் அவ்வூரின் வெள்ளையினக் காவல் தலைவர் இனவெறிச் சொற்களைப் பேசிய ஒலிப்பதிவு வெளியாகி, மன்றம் அவரை நீக்கியது. அவருக்குப் பதில் கறுப்பினத்தவர் ஒருவர் வந்தார். ஆனால், 2024 செப்டம்பரில் நீதித் துறை வெளியிட்ட அறிக்கை, அபராதம் கட்ட முடியாதவர்களைப் பணம் வரும்வரை சிறையில் வைக்கும் வழக்கம் அதன் பின்னும் நீடித்தது என்று கண்டறிந்தது. இரண்டு ஆண்டுகளில் ஊரின் நான்கு பேருக்கு ஒருவர் என்ற அளவில் கைதுகள் நடந்திருந்தன. ஆள் மாறினார், வருவாய்க்கு அபராதத்தை நம்பும் ஏற்பாடு மாறவில்லை.

ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் இன்னோரிடத்தில்

சிற்றூர்க் காவல் துறையின் இரண்டாவது பலவீனம் ஆள் சேர்ப்பு. பெருநகரம் தரும் ஊதியத்தைச் சிற்றூர் தர முடியாது. பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பி ஒருவரை உருவாக்குவதற்குப் பணமும் மாதங்களும் தேவை. எனவே, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் குறைந்த ஊதியத்துக்கு வரத் தயார் என்றால் அவர் ஏன் வருகிறார் என்று துருவிக் கேட்க மன்றம் தயங்கும். ஃபுளோரிடா மாநிலத் தரவுகளைக் கொண்டு பென் கிரன்வால்ட், ஜான் ராப்பபோர்ட் என்ற இரு சட்ட அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. எந்த ஆண்டை எடுத்தாலும், பணியில் இருக்கும் அதிகாரிகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் முன்பு வேறொரு துறையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். இவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்த சிறிய துறைகளிலேயே மீண்டும் இடம் பிடிக்கிறார்கள்.

கிளீவ்லாந்தில் 2014இல் பொம்மைத் துப்பாக்கியுடன் விளையாடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுவன் டாமிர் ரைஸைச் சுட்டுக் கொன்ற அதிகாரி, பின்னர் பணி விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக நீக்கப்பட்டார். அவரை 2022இல் பென்சில்வேனியாவின் டியோகா என்ற சின்னஞ்சிறு ஊர் தன் காவலராக நியமித்தது. செய்தி பரவியதும் ஊரார் திரண்டு எதிர்ப்புத் தெரிவிக்க, சில நாள்களில் அவர் விலகிக்கொண்டார். ஊராரின் கோபம் அங்கே வேலை செய்தது உண்மைதான். ஆனால், நாடறிந்த பெயராக இருந்ததால்தான் அது வேலை செய்தது. பெயர் தெரியாத பத்துப் பேர் பத்து ஊர்களில் நுழைந்தால் யாருக்குத் தெரியும்?

இதற்காகவே கூட்டரசு அதிகாரிகளின் ஒழுங்கீனப் பதிவுகளைத் தொகுத்து, நியமனத்துக்கு முன் பார்த்துக்கொள்ளும் வகையில் தேசியத் தரவுத்தளம் ஒன்று பைடன் ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. மாநில, உள்ளூர் அமைப்புகளுக்கும் அது விரிவடையும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் பொறுப்பேற்ற சில நாள்களில் அது மூடப்பட்டது.

வெளியிலிருந்து வரும் கண்கள்

மேலே சொன்ன நிகழ்வுகளில் தவறைக் கண்டுபிடித்தது யார் என்று திரும்பிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஃபெர்குசனிலும் லெக்சிங்டனிலும் கூட்டரசின் நீதித் துறை. புரூக்சைடில் மாநிலச் செய்தித்தளம். காஃபி சிட்டியில் பெருநகரத் தொலைக்காட்சி. நகர மன்றங்கள் நடவடிக்கை எடுத்தன. ஆனால், எல்லாம் வெளிப்பட்ட பிறகுதான். இது மன்ற உறுப்பினர்களின் தீய எண்ணத்தால் அல்ல. காவல் தலைவர் அவர்களுக்கு உறவினராகவோ, பள்ளித் தோழராகவோ, ஒரே தேவாலயத்துக்குச் செல்பவராகவோ இருக்கக்கூடும். மன்றத்தின் மாதக் கூட்டத்தில் காவல் துறையின் அறிக்கை குடிநீர்க் குழாய்க்கும் குப்பை வண்டிக்கும் இடையே ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும். கணக்கில் உபரி காட்டும் துறையை யார் கேள்வி கேட்பார்கள்?

எதிர்பாராத இன்னொரு கண்காணிப்பாளரும் உண்டு: காப்பீட்டு நிறுவனம். காவலரின் அத்துமீறலுக்கு நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டைச் சிற்றூரால் தாங்க இயலாது. எனவே ஊர்கள் காப்பீடு எடுக்கின்றன. அல்லது பல ஊர்கள் சேர்ந்து பொது நிதியம் அமைத்துக்கொள்கின்றன. வழக்குகள் பெருகினால் காப்பீட்டாளர் பயிற்சி கேட்பார், விதிகளைத் திருத்தச் சொல்வார், இறுதியில் விலகியே போவார். கலிஃபோர்னியாவின் மேவுட் நகரம் 2010இல் காப்பீட்டை இழந்தது. தன் காவல் துறையைக் கலைத்துவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டி ஷெரிஃபிடம் பாதுகாப்பை ஒப்படைத்தது. 2014இல் ஓஹாயோவின் லிங்கன் ஹைட்ஸுக்கும் இதுவே நேர்ந்தது. மக்கள் போராடிச் சாதிக்க முடியாததைக் காப்பீட்டாளரின் ஒரு கடிதம் சாதித்தது என்பதில் ஆறுதலைவிடச் சங்கடமே மிகுதி. அவருடைய அக்கறை இழப்பீட்டுத் தொகையைப் பற்றியது. நாள்தோறும் நடக்கும் சிறு அவமதிப்புகள் அவர் ஏட்டில் ஏறுவதில்லை.

இப்போது இந்த வெளிக் கண்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியுள்ளன. 2025 மே மாதத்தில் அமெரிக்க நீதித் துறை மினியாபொலிஸ், லூயிவில் நகரங்களின் மீதான வழக்குகளைக் கைவிட முடிவெடுத்தது; பீனிக்ஸ், மெம்ஃபிஸ் முதலான இடங்களில் தான் முன்பு கண்டறிந்த முறைகேடுகளின் அறிக்கைகளையும் திரும்பப் பெற்றது. உள்ளூர்க் காவல் உள்ளூரின் பொறுப்பு, வாஷிங்டனில் இருந்து அதை நடத்தக் கூடாது என்பதே சொல்லப்பட்ட நியாயம். பெருநகரங்களைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. அங்கே வலுவான ஊடகங்கள், வழக்கறிஞர் அமைப்புகள், எதிர்க்கட்சிகள் இருக்கின்றன. லெக்சிங்டனில் என்ன இருக்கிறது? 2005க்குப் பிறகு அமெரிக்கச் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர்களின் வார இதழ்கள். மேரியனில் காவல் தலைவரைப் பற்றி விசாரிக்க ஓர் இதழாவது மிஞ்சியிருந்தது.

கலைப்பதா, சேர்ப்பதா?

சிறிய துறைகளை மூடிவிட்டு, கவுன்ட்டி ஷெரிஃபிடமோ மாநிலக் காவலிடமோ ஒப்படைத்துவிடலாமே என்ற யோசனை பழையது. 1954இல் உருவான லேக்வுட் என்ற கலிஃபோர்னிய நகரம் தொடக்கத்திலிருந்தே சொந்தக் காவல் துறை இல்லாமல், கவுன்ட்டி ஷெரிஃபோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பல ஊர்கள் அதைப் பின்பற்றின. ஃபெர்குசனுக்கு அருகிலுள்ள ஜென்னிங்ஸ் நகர மன்றம், காவலர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையிலான உறவு சீர்கெட்டதால் 2011இல் தன் காவல் துறை முழுவதையும் கலைத்துக் கவுன்ட்டியிடம் ஒப்படைத்தது. துணிச்சலான முடிவு. ஆனால், அதன் ஒரு விளைவை யாரும் எதிர்பார்க்கவில்லை: வேலை இழந்தவர்களில் ஒருவர் பக்கத்து ஊரான ஃபெர்குசனில் சேர்ந்தார். 2014இல் மைக்கேல் பிரவுனைச் சுட்டவர் அவர்தான்.

பென்சில்வேனியாவில் ஏறத்தாழப் பாதி உள்ளாட்சிகளுக்குச் சொந்தக் காவல் துறை இல்லை; மாநிலக் காவல் துறை கட்டணமின்றிப் பாதுகாப்புத் தருகிறது. சொந்தக் காவலுக்கு வரி கட்டும் பக்கத்து ஊர்க்காரர், நாங்கள் ஏன் இரட்டைச் சுமை தாங்க வேண்டும் என்று கேட்கிறார். கட்டணம் வசூலிக்கலாம் என்ற யோசனை ஆளுநர்கள் மாறியும் சட்டமன்றத்தில் கரை சேரவில்லை. மாநிலக் காவலர் வந்து சேர நேரமாகும்; அவருக்கு ஊரின் முகங்கள் தெரியாது.

முகம் தெரிந்த காவலரின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மனநலம் குன்றிய ஒருவர் தெருவில் கூச்சலிடும்போது, அவர் யார், அவருடைய அக்கா எங்கே வசிக்கிறார் என்று அறிந்த காவலருக்கு விலங்கு பூட்ட வேண்டிய தேவை இராது. சிற்றூர்களில் இப்படிப்பட்ட காவலர்கள் நிறைய இருக்கிறார்கள்; அவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. காவலை ஊரிடமிருந்து பறிப்பதைவிட, அபராதத்தில் ஊருக்குள்ள பங்கைப் பறிப்பது நல்லது என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே. காவல் செலவை வரியில் இருந்து எடுக்கட்டும். அபராதம் மாநிலக் கருவூலத்துக்குப் போகட்டும். நீதிபதியை அமர்த்துவது நகர மன்றத்தின் வேலையாக இல்லாமல் இருக்கட்டும். மிசௌரி 2015இல் இத்திசையில் ஓர் அடி எடுத்துவைத்தது. சிறு போக்குவரத்துக் குற்றங்களின் வருவாய்க்கு மாநிலம் முழுவதும் 20 விழுக்காடு, செயின்ட் லூயிஸ் கவுன்ட்டிக்கு 12.5 விழுக்காடு என உச்சவரம்பு வைத்தது. ஒரு கவுன்ட்டிக்கு மட்டும் தனி வரம்பு விதித்தது செல்லாது என 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது வரம்பு நீடித்தது.

வரியில் இருந்து எடுக்கட்டும் என்று எழுதுவது எளிது. ஃபெர்குசன் அதைச் செய்ய வேண்டி வந்தது. 2015 ஏப்ரல் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காடாக உயர்ந்தனர். மன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் மூவர் ஆயினர். நீதித் துறையுடனான சீர்திருத்த உடன்பாடு 2016 பிப்ரவரியில் மன்றத்தின் முன் வந்தபோது, செலவு தாங்காது என்று மன்றம் திருத்தங்களை நிபந்தனையாக்கியது. மறுநாளே நீதித் துறை வழக்கு தொடுத்தது; மார்ச்சில் மன்றம் ஒருமனதாக உடன்பாட்டை ஏற்றது. புதிய பயிற்சி, புதிய பதிவேடுகள், கண்காணிப்பாளருக்கான ஊதியம் ஆகியவற்றுக்கும், அபராதம் சுருங்கியதால் விழுந்த துண்டுக்கும் பணம் வேண்டும். அந்த ஏப்ரலில் இரண்டு வரி உயர்வுகள் வாக்காளர்கள் முன் வைக்கப்பட்டன. விற்பனை வரி உயர்வை அவர்கள் ஏற்றார்கள். சொத்து வரி உயர்வுக்குத் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை.